வாசனைக்கு ஊறல், கசப்புக்குக் கொதி: பெங்களூரு வீட்டில் உதிரி மூலிகையில் கஷாயம்

எங்கள் வீட்டில் கஷாயம் வருஷம் முழுவதும் உண்டு. பெங்களூருவில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழை, அப்புறம் டிசம்பர், ஜனவரியில் குளிர். இரண்டு காலத்திலும் வீட்டில் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார். ரொம்ப நாள் பாக்கெட்டில் வரும் பொடியைத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது இலை, தண்டு, வேர் என்று உதிரியாக வாங்கியும், முடிந்ததைப் பால்கனியில் வளர்த்தும் நானே காய்ச்சுகிறேன். பொடியைப் பார்த்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. முழு வேரும் முழு இலையும் கையில் இருந்தால் கண், மூக்கு, நாக்கு மூன்றையும் வைத்துச் சரிபார்க்கலாம். இந்த வேலையைத் தொடங்கியதே அதற்காகத்தான்.

செய்யச் செய்ய ஒன்று பிடிபட்டது. பெரும்பாலான வீடுகளில் எல்லா மூலிகையையும் ஒரே பாத்திரத்தில் அள்ளிப் போட்டு, தளதளவென்று கொதிக்கவிட்டு வடிகட்டிவிடுகிறோம். அப்படிச் செய்தால் துளசியும் கற்பூரவல்லியும் போட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. அவற்றின் சாரம் ஆவியோடு சமையலறை முழுக்கப் பரவிவிடும், டம்ளருக்கு வராது. ஒரு செடியைக் கையில் எடுத்தால், இதிடமிருந்து நமக்கு வேண்டியது வாசனையா, இல்லை கசப்பும் காரமும் துவர்ப்புமா என்று முதலில் பார்க்க வேண்டும். வாசனை என்றால் கொதிநீரை ஊற்றி மூடி வைக்கும் ஊறல். கசப்பும் காரமும் என்றால் சிறு தீயில் வற்றவைக்கும் கொதி. இலைக்கு ஊறல், வேருக்குக் கொதி என்று சொல்வதுண்டு. அதுவும் முழுக்கச் சரியில்லை. ஆடாதோடை இலைதான், ஆனால் அதைக் கொதிக்கவிட வேண்டும். நன்னாரி வேர்தான், அதைக் கொதிக்கவிட்டால் கெட்டுவிடும்.

சரக்கு வாங்குவது

நாட்டு மருந்துக் கடையை இங்கே கிரந்திகெ அங்கடி என்பார்கள். கே.ஆர். மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்கள், அவென்யூ ரோடு, மல்லேஸ்வரம், காந்தி பஜார் என்று பழைய பேட்டைகளில் எல்லாம் இந்தக் கடைகள் உண்டு. மார்க்கெட் பக்கம் தமிழிலேயே பேசி வாங்கிவிடலாம். மற்ற இடங்களில் கன்னடப் பெயர் தெரிந்தால் வேலை சுலபம். நிலவேம்பு என்றால் நெலபேவு, ஆடாதோடை ஆடுசோகே, கற்பூரவல்லி தொட்டபத்ரே, வெட்டிவேர் லாவஞ்ச, அதிமதுரம் ஜேஷ்டமது.

கடையில் நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“அண்ணா, ஆடாதோடை முழு இலையா இருக்கா?”

“இருக்கு சார். இடிச்சுத் தரட்டுமா?”

“வேண்டாண்ணா, அப்படியே குடுங்க.”

இடித்து வாங்கினால் கடையிலேயே வேலை முடியும், ஆனால் அடையாளம் பார்க்க வழி இல்லை. அதோடு, இடித்த மூலிகையில் காற்றுப் படும் பரப்பு அதிகம் என்பதால் வாசனை சீக்கிரம் போகும். அதனால் முழுசாக வாங்கி, காய்ச்சுவதற்குக் கொஞ்சம் முன்னால் வீட்டு உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்கிறேன். நைசாக அரைக்கக் கூடாது. மாவு மாதிரி இருந்தால் துணியில் வடியாது, அடியில் சேறாகத் தங்கும்.

வாங்கியதும் ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி, கல், நூல், வைக்கோல், சம்பந்தமில்லாத தண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பேன். அப்புறம் ஒவ்வொன்றையும் சோதிப்பேன். நிலவேம்பின் தண்டு உருண்டையாக இருக்காது. விரலில் உருட்டினாலே நான்கு பட்டை தெரியும், நுனியில் துளி வைத்தாலும் கசப்பு நாக்கை விட்டுப் போகாது. அதிமதுரத்தை ஒடித்தால் உள்ளே மஞ்சள் நார், மென்றால் இனிப்பு. நன்னாரி மெல்லிய கரும்பழுப்பு வேர், தோலில் குறுக்கே வெடிப்பு ஓடும், நகத்தால் சுரண்டினால் அந்தத் தனி மணம் வரும். மணம் வரவில்லை என்றால் பழைய சரக்கு. வெட்டிவேர் காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு கைத் தண்ணீர் தெளித்தால் உடனே சொல்லிவிடும்.

பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாத சரக்குகளும் இருக்கின்றன. பற்படாகம் என்று தமிழ்நாட்டில் தருவது ஒரு செடி, கேரளத்தில் அதே பெயரில் தருவது வேறு, வட இந்தியாவில் இன்னொன்று. பெங்களூரு மாதிரி நாலு திசைச் சரக்கும் வந்து இறங்கும் ஊரில் எது கையில் வரும் என்று உறுதி இல்லை. நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு சேர வேண்டும். அந்தக் கடைசிச் சரக்குக்காகவே அதை நான் வீட்டில் கலப்பதில்லை. தமிழக அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால் தயாரிப்பை வாங்கிக்கொள்கிறேன். ஒற்றைச் சரக்கும், எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்த நாலைந்தும்தான் என் உரலுக்கு வரும்.

ஆவாரம்பூவுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. எங்கள் தர்மபுரிப் பக்கம் புதர் புதராகப் பூத்துக் கிடக்கும், இங்கே அப்படி இல்லை. நகரத்தில் மஞ்சளாகப் பூத்திருப்பதைப் பார்த்து யாராவது மஞ்சள் அரளியைப் பறித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அரளி விஷம் இதயத்தைத் தாக்கும், கொதிக்கவைத்தாலும் போகாது. ஆவாரைக்குச் சிறு சிறு இலைகள் ஈர்க்கின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும், பூவில் ஐந்து இதழும் தனித்தனியாக விரிந்திருக்கும், காய் தட்டையாகத் தொங்கும். மஞ்சள் அரளியின் இலை குறுகி நீண்டது, பூ புனல் போலக் குவிந்திருக்கும், காம்பை ஒடித்தால் பால் வரும். பால் வந்தால் அது ஆவாரை இல்லை. சாலையோரச் செடி எதுவானாலும் நான் பறிப்பதில்லை. வண்டிப் புகையும் தூசும் படிந்த இலையைக் கழுவி மருந்தாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பால்கனி

கிழக்குப் பார்த்த பால்கனி. காலை வெயில் மட்டும்தான் வரும், அதுவே போதும். துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல், ஒரு பெரிய தொட்டியில் ஆடாதோடை. ஆடாதோடைக் கன்று லால்பாக் நர்சரிப் பக்கம் கிடைத்தது. கற்பூரவல்லிக்குக் காசே வேண்டாம், பக்கத்து வீட்டில் ஒரு தண்டு ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் அதிகமானால் மட்டும் தண்டு அழுகும். துளசியில் கதிர் விடவிடக் கிள்ளிக்கொண்டே இருந்தால் இலை பெரிதாகவும் நிறையவும் வரும். குடிக்கப்போகும் செடி என்பதால் பூச்சிமருந்து கிடையாது. மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவதோடு சரி.

பறிப்பது காலையில், பனி உலர்ந்த பிறகு. துளசியையும் ஆடாதோடையையும் நிழலில் காயவைப்பேன். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் பச்சை வெளுத்து மணமும் குறையும். முறத்தில் பருத்தித் துணி விரித்து ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான அறையில் வைக்க வேண்டும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்த ஊர்க் காற்று உலர்ந்திருக்கும். வருஷத்துக்கு வேண்டியதை நான் அப்போதே காயவைத்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் இலை காய்வதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும். கற்பூரவல்லியைக் காயவைக்க முயலவே வேண்டாம். சதைப்பற்றான இலை, காய்ந்தால் சக்கைதான் மிஞ்சும். அது தொட்டியிலிருந்து நேராக டம்ளருக்கு.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, காம்பை ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அதோடு விடாமல், ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி ஓரிரவு வைப்பேன். காலையில் பாட்டிலின் உள்பக்கம் பனி படர்ந்திருந்தாலோ, மொறுமொறுப்பாக இருந்த இலை துவண்டிருந்தாலோ மறுபடியும் முறத்துக்குப் போக வேண்டியதுதான். பூஞ்சை வாடை லேசாக அடித்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். பூஞ்சை விடும் நச்சில் சில, கொதிநீருக்கும் அசையாதவை.

பாத்திரமும் தண்ணீரும்

எவர்சில்வர், கண்ணாடி, மண்சட்டி மூன்றும் சரி. இரும்புச் சட்டி கூடாது. துவர்ப்பான சரக்கு எதுவும் இரும்போடு சேர்ந்தால் கஷாயம் மை மாதிரி கறுத்து, நாக்கில் துருச் சுவை தட்டும். கலம்காரித் துணிக்குக் கறுப்பு நிறம் கொடுப்பதே கடுக்காயும் இரும்பும் சேர்ந்த இந்த வேலைதான். ஈயம் பூசாத பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றையும் நான் ஒதுக்கிவிட்டேன்.

தண்ணீர் விஷயம் பெங்களூருவில் முக்கியம். காவிரித் தண்ணீர் வரும் நாள் ஒரு ருசி, போர்வெல்லோ டேங்கரோ வரும் நாள் இன்னொரு ருசி. கடின நீரில் ஊறல் போட்டால் மேலே மெல்லிய ஏடு படரும், நிறம் மங்கும். தண்ணீரில் உள்ள கால்சியம் இலையின் துவர்ப்புப் பொருளோடு சேர்வதால் வருவது அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் சுவை தட்டையாகிவிடும். அதனால் கஷாயத்துக்கு மட்டும் ஃபில்டர் தண்ணீர். இன்னொன்று, இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். வற்றவைக்கும் கஷாயத்துக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. ஊறலுக்கு உண்டு. கெட்டிலில் கொதி அடங்கியபின் ஊற்றினால் சூடு இன்னும் கீழே போய்விடும். குமிழி பொங்கும்போதே ஊற்றிவிட வேண்டும். கடைச் சரக்கில் மண்ணும் கிருமியும் இருக்கும் என்பதாலும் நன்றாகக் கொதித்த தண்ணீரே நல்லது.

ஊறல்

காய்ந்த துளசி 2 கிராம், தண்ணீர் 200 மி.லி. பச்சை இலை என்றால் அதைப்போல நாலு மடங்கு எடை வேண்டும், ஏனென்றால் பச்சை இலையின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஸ்பூன் கணக்கு இலைக்குச் சரிப்படாது. நொறுங்கிய இலை ஒரு ஸ்பூனும் முழு இலை ஒரு ஸ்பூனும் ஒரே எடை வராது. கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

மூடி உள்ள கண்ணாடி டம்ளரில் இலையைப் போட்டுக் கொதிநீர் ஊற்றி உடனே மூட வேண்டும். ஏழெட்டு நிமிஷம். மூடியைத் திறக்கும்போது அதன் உள்பக்கம் துளித்துளியாகத் தண்ணீர் கோத்திருக்கும். அதைச் சிங்க்கில் உதறிவிடாமல் டம்ளருக்குள்ளேயே தட்டிவிட வேண்டும். துளசியின் மணம், அதாவது கிராம்பிலும் இருக்கும் யூஜினால் எண்ணெய், அந்தத் துளிகளில்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மூடியை மோந்து பார்த்தாலே தெரியும்.

கற்பூரவல்லிக்கு மூன்று நாலு இலை போதும். கையால் கசக்கிப் போட்டு, ஐந்து நிமிஷத்தில் இலையை எடுத்துவிட வேண்டும். நேரம் கூடினால் பச்சை வாடை தூக்கலாகும். ஓமத்தின் வாசனை இதில் வருவதற்குக் காரணம் இரண்டிலும் இருக்கும் தைமால், கார்வக்ரால் எண்ணெய்கள். எலுமிச்சைப்புல்லில் அடிப்பக்க வெள்ளைத் தண்டை நசுக்கிப் போட வேண்டும், மேல் இலையிலும் மணம் உண்டு. சோம்பு விதை என்றாலும் ஊறல் வகைதான். 2 கிராம் விதையை அப்போதே நசுக்கி, 250 மி.லி. கொதிநீர் ஊற்றிக் கால் மணி நேரம் மூடி வைத்தால் வயிற்று உப்புசத்துக்கு நல்லது. நசுக்காமல் போட்டால் விதைக்குள் இருக்கும் எண்ணெய் வெளியே வராது.

அம்மாவுக்கு இதில் ஒப்புதல் இல்லை. “நல்லா கொதிச்சாத்தான் கண்ணு அது கஷாயம், இது வெறும் வெந்நீர்” என்றார். ஒரே எடைத் துளசியை ஒரு பாத்திரத்தில் திறந்து கொதிக்கவைத்தும், இன்னொன்றில் மூடி ஊறவைத்தும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். கொதித்ததில் நிறம் அதிகம், லேசான கைப்பு. ஊறலில் துளசி மணம் அப்படியே நின்றது. துளசி விஷயத்தில் ஒத்துக்கொண்டார். மல்லி விதையை மட்டும் இன்றுவரை கொதிக்கவைத்துத்தான் குடிப்பேன் என்கிறார். அதிலும் நியாயம் உண்டு, வறுத்த மல்லியின் ருசி கொதியில்தான் இறங்குகிறது.

கொதி: இருமல் கஷாயம்

நான் அதிகம் காய்ச்சுவது இதைத்தான், ஒரு ஆளுக்கு ஒரு வேளை அளவு. காய்ந்த ஆடாதோடை இலை 2 கிராம், சுக்கு 1 கிராம், அதிமதுரம் 1 கிராம், மிளகு ஐந்தாறு. தண்ணீர் 240 மி.லி. நாலில் ஒரு பங்காக, அதாவது 60 மி.லி.க்கு வற்ற வேண்டும்.

ஆடாதோடையில் நமக்கு வேண்டியது வாசிசின் என்ற கசப்புச் சத்து. மாத்திரையாகவும் சிரப்பாகவும் வரும் ப்ரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தே அதை அடியொற்றி உருவானதுதான். அந்தச் சத்து எண்ணெய் போல ஆவியாகிப் பறக்காது, அதனால் இலையாக இருந்தாலும் தைரியமாகக் கொதிக்கவிடலாம்.

சுக்கை அப்படியே இடிக்கக் கூடாது. ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்பது சித்த மருத்துவத்தில் பாலபாடம். சுக்கின் தோலைக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும், கடுக்காய் என்றால் கொட்டையை நீக்க வேண்டும். கடைச் சுக்கு பல சமயம் சுண்ணாம்பு பூசி வெள்ளையாக வரும் என்பதால் எனக்கு இந்தச் சுரண்டல் ரொம்பத் தேவையாகவே படுகிறது. இஞ்சி காயும்போது அதன் காரப் பொருள் மாறி இன்னும் உறைப்பாகிறது. பச்சை இஞ்சியின் காரம் நாக்கில் நிற்கும், சுக்கின் காரம் தொண்டை வரை இறங்கும். இந்தக் கஷாயத்துக்குச் சுக்குதான் சரி.

எல்லாவற்றையும் ஒன்றிரண்டாக இடித்து, அளந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுவேன். காய்ந்த சரக்கு தண்ணீர் குடித்து இளகினால்தான் சத்து சீராக இறங்கும். அப்புறம் மூடியில்லாமல் சிம்மில் வைக்க வேண்டும். அதிமதுரம் நுரைக்கும், முதல் ஐந்து நிமிஷம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இல்லையென்றால் பால் போலப் பொங்கி அடுப்பில் வழியும்.

நாலில் ஒன்று என்பதைக் கண்ணளவில் பிடிப்பது கஷ்டம். அகலப் பாத்திரத்தில் 60 மி.லி. என்பது அடியில் ஒரு மெல்லிய படலம்தான், அதில் சக்கை வேறு மிதக்கும். அதற்கு நான் கண்ட வழி தராசு. பாத்திரமும் சரக்கும் தண்ணீருமாக அடுப்பில் ஏற்றும் முன் எடை போடுகிறேன். என் பாத்திரத்தில் அது 525 கிராம் வருகிறது. 180 மி.லி. தண்ணீர் ஆவியாக வேண்டும், அதாவது 180 கிராம் குறைய வேண்டும். தராசில் 345 காட்டினால் கஷாயம் தயார். சூடான பாத்திரத்தை நேராகத் தராசில் வைக்காமல், ஒரு சிறிய மரப்பலகையை வைத்து, தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு அதன்மேல் வைக்க வேண்டும். என் சின்ன பர்னரில் இதற்கு இருபது நிமிஷம் போல ஆகிறது. தீயைக் கூட்டினால் சீக்கிரம் வற்றும், ஆனால் சரக்கிலிருந்து சத்து இறங்குவதற்குள் தண்ணீர் போய்விடும்.

தராசு இல்லாதவர்கள் ஒரு மூங்கில் குச்சியை வைத்துச் சமாளிக்கலாம். சரக்கைப் போட்டு முதலில் 60 மி.லி. தண்ணீர் மட்டும் ஊற்றி, குச்சியை நிமிர்த்தி நனைந்த இடத்தில் கோடு போட்டுக்கொண்டு, பிறகு மீதி 180ஐ ஊற்ற வேண்டும். அகலம் குறைந்த பாத்திரமாக இருந்தால் இந்தக் கோடு நன்றாகத் தெரியும்.

அடுப்பை அணைத்த பிறகுதான் துளசியின் முறை. நாலைந்து இலையைக் கிள்ளிப் போட்டு மூடி, ஐந்து நிமிஷம் கழித்துத் துணியில் வடிகட்டிப் பிழிய வேண்டும். சக்கையே கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிழியாவிட்டால் கைக்கு வருவது குறையும். கசப்புக்குக் கொதி, வாசனைக்கு ஊறல் என்று இரண்டும் ஒரே பாத்திரத்தில், ஆனால் அடுத்தடுத்து. பழைய மாதிரி எல்லாவற்றையும் சேர்த்துக் கொதித்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும்.

வற்றிய கஷாயத்தை அன்றைக்கே, முடிந்தால் மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சி இரவு வரை பிளாஸ்கில் வைப்பது நல்லதில்லை. வெதுவெதுப்பான அந்தச் சூட்டில் கிருமி நன்றாகப் பெருகும்.

நன்னாரி

நன்னாரியின் மணம் ரொம்ப நாசூக்கானது, கொதிக்கக் கொதிக்கக் காற்றோடு போய்விடும். வேரை நன்றாகக் கழுவி, உரலில் தட்டினால் தோல் பிளந்து நடுவில் வெள்ளைக் குச்சி தெரியும். அந்தக் குச்சியில் மணம் இல்லை, உருவி எறிந்துவிடலாம். தோலை மட்டும் எடுத்து, 10 கிராமுக்கு அரை லிட்டர் கொதிநீர் ஊற்றி, இறுக மூடி, ஆறியதும் ஃப்ரிஜ்ஜில் இரவு முழுக்க வைக்க வேண்டும். காலையில் செம்பழுப்பு நிறத்தில் தெளிவாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் இதற்கு மிஞ்சியது இல்லை. எலுமிச்சை பிழிந்து, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை சேர்த்தால் என் மகள் பாட்டில் பாட்டிலாகப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகிறாள். வெட்டிவேருக்கும் இதே முறைதான்.

ஊர்க் கஷாயம்

நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகும் பெங்களூரு தர்ஷினி ஓட்டல்கள் பலவற்றில் காபி, டீக்குப் பக்கத்திலேயே கஷாயமும் கிடைக்கும். மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, சுக்கு போட்ட பொடியை வெல்லமும் பாலும் சேர்த்துத் தருவார்கள். நம் சுக்குமல்லிக் காபிக்குச் சொந்தக்காரன். எங்கள் வீட்டு அளவு மல்லி நாலு பங்கு, சீரகம் இரண்டு, சோம்பு ஒன்று, மிளகும் சுக்கும் அரை அரை. சுக்கைத் தவிர மற்றதை வாசனை வரும்வரை மட்டும் வறுத்துக் கரகரப்பாக அரைக்க வேண்டும். பாலைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், வெல்லத்தை அடுப்பை அணைத்த பிறகு. கொதிக்கும் பாலில் வெல்லம் விழுந்தால் சில சமயம் திரிந்துவிடும். இது மருந்து என்பதை விட மாலை நேரப் பானம். காபியைக் குறைக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது

செடி என்பதாலேயே தீங்கில்லை என்று நினைப்பது தவறு. மருந்தாக வேலை செய்யும் எதுவும் தப்பான ஆளுக்குப் போனால் தப்பாகவும் வேலை செய்யும். கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடையும் நிலவேம்பும் கூடவே கூடாது. ஆடாதோடைக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் உண்டு. அதிமதுரம் தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் ஆவாரம்பூவும் நிலவேம்பும் குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் எந்தக் கஷாயமானாலும் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கஷாயத்தில் தேன் கலந்து நாக்கில் தடவுவதும் கூடாது.

சீந்தில் தண்டு இங்கே அம்ருதபள்ளி என்ற பெயரில் வீட்டுக்கு வீடு படர்கிறது. கொரோனா காலத்தில் நிறையப் பேர் தினமும் குடித்தார்கள். 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதைப் பதிவு செய்தார்கள். அதே மாதிரி தோற்றம் கொண்ட வேறொரு கொடியோடு குழம்பியிருக்கலாம் என்று மத்திய ஆயுஷ் அமைச்சகத் தரப்பில் சொன்னார்கள். எதுவாக இருந்தாலும், தண்டைப் பார்த்து அந்த இரண்டையும் பிரித்தறிய என்னால் முடியாது. அதனால் சீந்தில் என் அலமாரியில் இல்லை.

காய்ச்சலுக்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் இந்த ஊரில் டெங்கு வரும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை, கஷாயம் அதற்குப் பக்கத்தில்தான். மூச்சுத் திணறலோ சளியில் ரத்தமோ இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருப்பதில்லை.

ஒவ்வொரு பாட்டிலிலும் செடியின் பெயர், எந்த உறுப்பு, வாங்கிய அல்லது பறித்த மாதம், எந்த இடம் என்று எழுதி ஒட்டுகிறேன். இலைக்கு ஆறு மாதம், வேருக்கு ஒரு வருஷம், அதற்கு மேல் வைத்திருப்பதில்லை. அப்பா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இந்த லேபிள்களை எல்லாம் போட்டோ எடுத்து அவருடைய மருத்துவரிடம் காட்டினோம். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அதிமதுரத்தை மட்டும் நிறுத்தச் சொன்னார். அதிலிருந்து அப்பாவின் இருமல் கஷாயம் தனிப் பாத்திரத்தில் காய்கிறது. அதிமதுரத்துக்குப் பதில் மல்லி விதை 2 கிராம், மற்றதெல்லாம் அதே அளவு. அதிமதுரத்தின் இனிப்பு இல்லாததால் ஆடாதோடையின் கசப்பு தூக்கலாகத் தெரிகிறது. அதற்காக வடிகட்டியபின் ஒரு சிட்டிகை பனங்கற்கண்டு சேர்த்துக் கொடுக்கிறோம்.